பணயம் யாருடையது?

அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ நாவலைச் சினிமா நாவல் என்று சொல்வது வழக்கம். பொத்தேரியில் என் வகுப்பில் அதைச் சூதாட்ட நாவலாகத்தான் நடத்துகிறேன். ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் எழுதியது. ஆகவே அதில் நட்சத்திர மினுக்கைவிட வண்டியும் சாப்பாடும் பாக்கிப் பணமும்தான் அதிகம். படம் முடியும் தறுவாயில் நடிகை ஜயசந்திரிகா படப்பிடிப்புக்கு வரவில்லை. தயாரிப்பாளர் ரெட்டியார் அவள் வீட்டுக்கே போய்க் கத்துகிறார். நான் படித்த விமர்சனங்கள் அந்த இடத்தை ஒரு பெரிய மனிதரின் வீழ்ச்சியாகவே பார்க்கின்றன. வீழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கையில் மிஞ்சியிருந்த கடைசிச் சீட்டு ஒரு பெண்ணின் உடம்பு. அது படுத்துக்கொண்டால் ஆட்டம் முடிந்தது.

“ரெட்டியார் வீட்டுப் பொம்பளைங்க நகையெல்லாம் எங்க மேடம் போயிருக்கும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாவின் வளையல் அடகுக்கடையில் இருப்பதை அறிந்த பெண். நாவலின் அக்கறை அந்தத் திசையில் இல்லை என்றேன். அவள் விடவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் புதுமைப்பித்தனின் கடிதங்களைத் திரும்ப எடுத்தேன்.

‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தொகுப்பு நமக்குக் கிடைத்திருக்கும் ஆகச் சிறந்த சூதாடி நாவல். எழுதியவர் அதை நாவலாக நினைக்கவில்லை என்பது வேறு விஷயம். பத்திரிகை வேலையை விட்டு சினிமாவுக்குப் போகிறார். ‘பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்’ என்று சொந்தக் கம்பெனி தொடங்கி ‘வசந்தவல்லி’ எடுக்க நினைக்கிறார், படம் வரவில்லை. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு எழுதப் புனேவுக்குப் போகிறார், காசநோய் முற்றித் திரும்புகிறார். 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறக்கும்போது வயது 42. மகள் தினகரி சிறு குழந்தை.

கடிதங்களில் அன்பு பொய்யில்லை. பணம் வரும், அனுப்புகிறேன், கொஞ்சம் பொறு என்ற தொனியும் பொய்யில்லை. அடுத்த கை நல்ல கையாக விழும் என்று நம்புகிறவன் பேச்சு அது. மேதையின் வறுமை என்று நம் இலக்கிய உலகம் உருகும் இடத்தில், அரிசிக்கடைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. தொகுப்பில் இருப்பவை அவர் எழுதியவை மட்டுமே. கமலா என்ன பதில் எழுதினார் என்பதை அவருடைய சமாதானங்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கணவர் ஏன் இவ்வளவு சமாதானம் சொல்கிறார் என்று பார்த்தால் அவள் கேட்ட கேள்வி தெரியும்.

தஸ்தயேவ்ஸ்கி ‘சூதாடி’யை 1866இல் 26 நாட்களில் சொல்லச் சொல்ல, சுருக்கெழுத்தில் எடுத்தவர் அன்னா. மறு ஆண்டே அவருக்கு மனைவியாகி, பாடன் நகரில் தன் தோடும் மோதிரமும் சூதாட்ட மேசைக்கு அடகுபோவதைப் பார்த்தார். அன்னாவிடம் சுருக்கெழுத்து இருந்தது. அதில் அவர் எழுதிய நாட்குறிப்பால் தோட்டின் கதை நமக்குத் தெரிகிறது.

கமலாவும் எழுதத் தெரியாதவர் இல்லை. கதைகள் எழுதியவர், தொகுப்பே வந்திருக்கிறது. புதுமைப்பித்தன் ஆய்வேடுகளில் பெரும்பாலும் அவர் ‘துணைவியார்’ என்று ஒரு வரியில் வந்துபோகிறார். தமிழில் முனைவர் பட்டம் வாங்கும்வரை அந்தத் தொகுப்பைப் படி என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

தொகுப்பின் பெயர் ‘காசுமாலை’. வருகிற பருவத்தில் ‘கரைந்த நிழல்க’ளுக்கு அடுத்து அதைத்தான் வைத்திருக்கிறேன். நூலகத்தில் பிரதி இல்லை, ஒளிநகல்தான். நகை பற்றிக் கேட்ட மாணவி முதல் கட்டுரை வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள்.