மேகத்தின் காலத்திற் கிறிட் கணிமை: ஒரு மதிப்பீடு

புதியதொன்று தோன்றியவுடன் பழையது மாண்டதெனத் துணிந்துரைத்தல் எளிது. அவ்வுரை எத்துணை உண்மையுடைத்து என நிறுத்துப் பார்த்தலே திறனாய்வாளன் கடன். மேகக் கணிமை பரவியபின் கிறிட் கணிமைக்கு இனி இடமில்லை என்னுங் கூற்று இன்று கற்றோரிடையே வழங்குகின்றது. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

கிறிட் என்பது மின்வழங்கலிலிருந்து பெறப்பட்ட பெயர். மலைநாட்டு லக்சபானாவிற் பிறக்கும் மின்சாரம் நாடளாவிய மின்வலையிற் கலக்கின்றது. செங்கலடியில் விளக்கேற்றுவோன் தன் மின்சாரம் எங்கே பிறந்தது என்பதை அறியவேண்டுவதில்லை. இவ்வாறே பல ஊர்க் கணினிகளையும் பிணைத்து ஒன்றுபோல இயக்கலாம் என்னுங் கருத்தை, இயன் பொஸ்ரர், கார்ல் கெசல்மன் என்னும் இருவரும் 1998 ஆம் ஆண்டிற் தாம் தொகுத்து வெளியிட்ட நூலால் உலகறியச் செய்தனர். ஒவ்வொரு நிறுவனமும் தன் பொறிக்குத் தானே உடைமையாளனாயிருந்து, ஒப்பிய விதிப்படி ஏனையோர்க்கும் அதனை உதவுதலே இதன் உயிர்நிலை. மேகக் கணிமையோ, 2006 ஆம் ஆண்டில் அமேசன் நிறுவனம் கணிப்பு ஆற்றலை வாடகைக்கு வழங்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. முன்னது உடையோர் கூடிப் பகிர்வது. பின்னது உடையானிடம் வாடகைக்குப் பெறுவது. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் வேகத்தால் மட்டும் ஒப்பிடுதல் பொருந்தாது.

கிறிட்டின் பெரும்பயனைச் சேர்ண் ஆய்வுகூடத்திற் காணலாம். ஜெனீவாவை அடுத்துள்ள அக்கூடத்தின் துகள்மோதுகருவி தரும் தரவை, நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலுள்ள ஏறத்தாழ 170 கணிப்பு நிலையங்கள் பகிர்ந்து ஆராய்கின்றன. மும்பாயின் தாதா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், கொல்கத்தாவின் மாறுபடு ஆற்றல் சைக்ளோத்திரன் நிலையமும் அவற்றுள் அடங்கும். 2012 ஜூலை 4 இல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பிற்கு இக்கூட்டுழைப்பு துணைநின்றது. ஒரு மோதலை ஆராய்வதற்கு மற்றொரு மோதலின் முடிவு வேண்டப்படுவதில்லை. ஆதலின், வட்டையிலுள்ள வயலை வரவை வரவையாகப் பிரித்துப் பலர் ஒருங்கே அறுப்பதுபோல இவ்வேலையும் பகுக்கப்படலாயிற்று.

எனினும் கிறிட்டின் குறையை மறைத்தல் நேர்மையன்று. ஒவ்வொரு நிலையத்திலும் வெவ்வேறு பொறி, வெவ்வேறு மென்பொருள், வெவ்வேறு அனுமதி முறை. வேதியியற் கணக்கொன்றைச் செய்யப் புகுந்தவன் முதலிற் கணினிப் பொறிஞனாக வேண்டியிருந்தது. மேகத்திலோ பணங் கட்டியவன் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்குகின்றான். பயில்வோன் படுந் துன்பத்தைப் பொருட்படுத்தாமையே கிறிட் பின்தங்கியதற்குத் தலையாய காரணம் என்பேன்.

ஆயினும் பின்தங்கியது மாண்டதாகாது. இந்தியாவிற் சீ-டாக் நிறுவனம் கருடா என்னும் பெயரில் அமைத்த கிறிட், தொடக்க நிலையில் 17 நகரங்களின் 45 நிறுவனங்களைப் பிணைத்தது. மேகம் தோன்றி ஒன்பதாண்டு கழிந்தபின், 2015 இல், அந்நாட்டு அரசு தேசிய மீக்கணினித் திட்டத்தை ஏற்றது. எழுபதுக்கு மேற்பட்ட உயர்திறக் கணினி நிலையங்களைத் தேசிய அறிவு வலையமைப்பால் இணைத்துக் கிறிட் ஆக்குதலே அதன் நோக்காகக் கூறப்பட்டது. 2022 இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட 'பரம் பொருள்' அத்திட்டத்தின் பேறுகளுள் ஒன்று. வாடகை மேகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஒரு நாடு தன் ஆராய்ச்சிக்குச் சொந்தப் பொறிகளையே நாடியமை கருதத்தக்கது.

நம் நாட்டு அநுபவமும் ஒன்றுண்டு. 2023 ஆகத்தில் இலங்கை அரச மேகம் கப்பங்கோரும் தீநிரலாற் தாக்கப்பட்டது. அவ்வாண்டு மே 17 முதல் ஆகத்து 26 வரையான அரச மின்னஞ்சல்கள், அக்காலத்திற்குரிய காப்புப்பிரதி இன்மையால் அழிந்தொழிந்தன. மேகம் என்னும் பெயர் கேட்போர்க்கு எங்கும் பரந்திருப்பதொன்றை நினைவூட்டும். உண்மையில் அஃதும் நிலத்தில் நிற்கும் பொறியே. பேணுவோன் அயர்ந்தால் அழிவதே. சேர்ணிலோ மூலத் தரவின் ஒரு பிரதி ஜெனீவாவில் இருக்க, மற்றொரு பிரதி பிற நாட்டு நிலையங்களிற் பகிர்ந்து வைக்கப்படுகின்றது. நன்கு பேணப்படும் மேகத்திலும் இவ்வொழுங்கு இயலும். ஆயின், பலர் பொறுப்பேற்கும் அமைப்பில் அஃது இயல்பாகவே அமைந்துவிடுகின்றது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? அலுவலகக் கடிதத்திற்கும் சிறு பாடசாலையின் தேவைக்கும் மேகமே போதும். அதனை வெறுத்தொதுக்குதல் பேதைமை. ஆனால், எம் வாவியின் நீர்நிலை, மழை, நெல்விளைவு என்பன பற்றி ஆண்டாண்டாகத் திரட்டவேண்டிய தரவுகள் வாடகை நின்றவுடன் கதவடைக்கப்படும் இடத்தில் மட்டும் கிடத்தல் தகாது. எம்மூரை அடுத்த வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பும் உள்ளது. வழி இருக்கின்றது, அவ்வழியே தத்தம் பொறிகளைப் பகிரும் உடன்பாடே வேண்டப்படுவது.

பாடசாலை கலைந்தபின் கணினியறையிற் பொறிகள் வறிதே கிடத்தலை யான் நாடோறுங் காண்கின்றேன். அவற்றை இணைத்து ஒரு கணக்கைப் பகுத்துச் செய்யப் பழகும் மாணவன், மேகத்தை வாடகைக்குப் பெறும்போதும் அதன் உள்ளமைப்பை அறிந்தே பெறுவான். வாடகை வீட்டில் வாழ்தல் இழிவன்று. வீடு கட்டுங் கலையை மறத்தலே இழிவு. கிறிட் என்னும் பெயர் நாளடைவில் வழக்கொழியினும் ஒழிக. உடையோர் கூடிப் பகிரும் அதன் நெறி ஒழியலாகாது என்பதே எம் துணிபு.