இளவேனில், நண்டுக் குழம்பு, தலித் அழகியல்

தலித் இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் வலி எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். கிடைத்த பக்கத்தில் அடிக்கோடு போடுகிறார்கள். மற்றப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழ்த்துறை ஆய்வேடுகளின் தலைப்புகளைப் பாருங்கள்: தலித் துயரம், தலித் அவலம், தலித் ஒடுக்குமுறை. சாதி இந்து விமர்சகர் ‘ஐயோ பாவம்’ என்று சொல்வதற்காக இதைச் செய்கிறார். நம்ம தோழர்கள் ‘பாத்தியா கொடுமைய’ என்று சொல்வதற்காகச் செய்கிறார்கள். நோக்கம் வேறு, ஆனால் ரெண்டு பேரும் அடிக்கோடு போடுவது ஒரே வரியில்தான். நம்ம அம்மாக்கள் அடுப்பில் வைத்த சட்டியில் கண்ணீர் மட்டும்தான் கொதித்ததா? அந்த வீடுகளில் ருசி இல்லையா, சிரிப்பு இல்லையா, பருவம் இல்லையா? இந்தக் கேள்வியைக் கேட்காத விமர்சனம், தலித்தை அடி வாங்குகிற உடம்பாக மட்டுமே பார்க்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

வசந்தத்திலிருந்தே தொடங்குவோம். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு ஆறு பெரும்பொழுதும் மனப்பாடம். சித்திரை, வைகாசி இரண்டும் இளவேனில். இலக்கியத்தில் அது யாருடைய பருவம்? சிலப்பதிகாரத்தில் வேனிற்காதை இருக்கிறது. இளவேனில் வருகிறது, பிரிந்த கோவலனுக்கு மாதவி மடல் எழுதுகிறாள், வசந்தமாலை கொண்டுபோகிறாள், அவன் வாங்க மறுக்கிறான். பூவும் தென்றலும் குயிலும் காதலுக்கான சாட்சிகள். பருவத்தை உட்கார்ந்து அனுபவிக்க ஓய்வு வேண்டும், மாடம் வேண்டும், மடல் கொண்டுபோக ஒரு தோழி வேண்டும்.

அதே காப்பியத்தில் நாடுகாண் காதையும் இருக்கிறது. காவிரிக் கரை வழியாகக் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்துபோகிறார்கள். வயலில் கடைசியர் கள் குடித்துவிட்டு, உடம்பெல்லாம் சேறாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டு வழிப்போக்கர் காதில் விழுகிறது. நாட்டு வளத்துக்கு அது ஒரு அடையாளம் ஆகிறது. உழைக்கிற பெண்ணின் சந்தோஷத்தைக் காப்பியம் மறைக்கவில்லை, அது உண்மை. ஆனால் வரப்பில் நின்றுதான் பார்க்கிறது. பொழுது சாய்ந்தபின் அந்தக் கடைசியர் எங்கே போனார்கள், என்ன சமைத்தார்கள், யாருக்கு முதலில் போட்டார்கள், தங்களுக்கு மிச்சம் இருந்ததா என்று கேட்பதற்குக் காப்பியத்துக்கு நேரமில்லை. வழியில் போகிறவர்களுக்கு அவர்கள் ஒரு காட்சி, அவ்வளவுதான்.

சேரிக்குள் நின்று பார்த்தால் இந்தப் பருவம் வேறு மாதிரி தெரியும். எங்க பக்கம் கண்மாய்ப் பாசனம், ஒரு போகம். தை அறுப்பு முடிந்தால் வயலில் வேலை கிடையாது. பங்குனி, சித்திரை என்றால் கூலி இல்லாத மாதங்கள். குயில் கூவும்; அடுக்குப்பானையில் அரிசி அடியைத் தொட்டிருக்கும். ஆனால் அந்த மாதங்களில்தான் கண்மாய் வற்றும். குத்தகைக்காரன் பெரிய மீனை அரித்துக்கொண்டு போனபிறகு கண்மாயை அழிய விடுவார்கள். ஊத்தா, கச்சா, வலை, ஒன்றும் இல்லாதவர்கள் கந்தல் சேலை என்று எடுத்துக்கொண்டு ஊரே இறங்கும். கெளுத்தி, குரவை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால். மீனைச் சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி உரசி வழவழப்பு போகக் கழுவ வேண்டும். அதற்குக் கை தெரிந்திருக்கணும். அந்த வருசத்துப் புதுப்புளி அப்பத்தான் வந்திருக்கும். அன்றைக்கு வைத்த குழம்பு மறுநாள் பழைய கஞ்சிக்குத்தான் ருசி என்று எங்க அத்தை சத்தியம் பண்ணும். விடியக்காலையில் பிள்ளைகள் எல்லாம் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து வழித்துத் தின்னும்.

அந்தப் புளி எங்கே இருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். ரோட்டோரப் புளியமரங்களை ஏலம் எடுத்தவன் வேறு ஆள். உலுக்குவது, ஓடு உடைப்பது, கொட்டை எடுப்பது நம்ம பெண்கள். கூலி போக மடியில் கொஞ்சம் புளி, கொஞ்சம் கொட்டை. கொட்டையை வறுத்துத் தின்பது பிள்ளைகளின் வேனில் பலகாரம். வெயில் காய்கிறதே என்று மாட்டுக்கறியை நாரு நாராக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் கோத்து உப்புக்கண்டம் போடுவதும் இந்த மாதங்களில்தான். இளவேனிலின் அழகு என்று இதை எந்த இலக்கணம் சொல்லியிருக்கிறது? கூலி இல்லாத காலத்தில் கையையும் அறிவையும் வைத்து உண்டாக்கிய ருசி இது. இயற்கை சும்மா கொடுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. கண்மாய்க் குத்தகை யாருக்கு, மரம் யாருக்கு என்ற கணக்கு அந்தச் சட்டிக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது பிரதிகளுக்கு வருவோம். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிற சாப்பாட்டுக் காட்சிகள் இரண்டு. ஊர்ப் பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் சணலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவது ஒன்று. பாட்டிக்கு நாயக்கர் வீட்டில் மிச்சச் சோற்றை எட்ட நின்று போடுவது இன்னொன்று. இரண்டும் முக்கியமான காட்சிகள். அவற்றை மறக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே புத்தகத்தில் பிள்ளைகளின் விளையாட்டு இருக்கிறது, பண்டிகை இருக்கிறது, விறகுக்கும் வேலைக்கும் போகிற நடை இருக்கிறது, ஊரின் மலைக்கும் கண்மாய்க்கும் பேர் சொல்லிக் காட்டுகிற பெருமை இருக்கிறது. கருக்கு என்றதும் அறுக்கிற விளிம்பை மட்டும் விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதே பனைதான் வேனிலில் பதனீரும் நுங்கும் தருகிறது.

‘சங்கதி’ (1994) இன்னும் தெளிவான சாட்சி. அதில் நண்டுக் குழம்பு பற்றி ஒரு பாட்டு வருகிறது. தான் நட்ட வயலில் திரிந்த நண்டைப் பிடித்து, காலை ஒடித்து, சட்டியில் போட்டுக் குழம்பு வைக்கிறாள் ஒருத்தி. புருசனுக்காகக் காத்திருக்கிறாள். வரவில்லை. சாப்பிட ஆரம்பிக்கிறாள். அந்த நேரம் பார்த்து வந்தவன், தனக்கு முந்தித் தின்றதற்காக அடிக்கப் பாய்கிறான். அதையே அவள் பாட்டாகக் கட்டிப் பாடுகிறாள். இதை ஆய்வேடுகள் ‘குடும்ப வன்முறை’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியில் முடித்துவிடும். நிதானமாக வாசியுங்கள். நட்டது அவள், பிடித்தது அவள், சமைத்தது அவள், பசித்தது அவளுக்கு. அடி கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு முழுச் சமையல் நடந்து முடிந்திருக்கிறது, அந்தச் சமையலில் அவளுக்கு இருந்த ஆசையும் தெரிகிறது. தன் வாய்க்கு ருசியாகத் தின்ன வேண்டும் என்று ஒரு தலித் பெண் நினைத்ததுதான் அங்கே கலகம். அடி வாங்கியவள் அழுதுகொண்டு போகவில்லை, பாடுகிறாள். காப்பியத்துக் கடைசியரின் பாட்டு வரப்பில் போனவர்கள் காதில் விழுந்தது. இவள் பாட்டு வீட்டுக்குள்ளிருந்து, அடித்தவன் மூஞ்சிக்கு நேராக வருகிறது.

அதனால் நாம் குடும்பத்தையும் அடுப்பையும் சும்மா கொண்டாடிவிட முடியாது. ‘அம்மா கைச்சோறு’ என்று உருகுகிற ஆம்பளை எழுத்து நம்மிடமும் நிறைய இருக்கிறது. அம்மா எப்போது சாப்பிட்டாள் என்று அது கேட்பதில்லை. பிள்ளைகள் வழித்துத் தின்ற சட்டியில் அவளுக்கு மிஞ்சியது வெறும் புளித்தண்ணியா, ஒரு துண்டு மீனா? தலித் அழகியல் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் நழுவக் கூடாது. ருசியைச் சொல்லும்போது பங்கீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மராத்தியில் இந்த வேலை நடந்திருக்கிறது. பேபி காம்ப்ளேயின் தன்வரலாறு 1986இல் நூலாக வந்தது. வருசம் முழுவதும் பட்டினி கிடந்த மஹார் வாடைக்கு ஆஷாட மாதம் கொண்டாட்டமாக வருவதை அவர் எழுதுகிறார். அவர்களுடைய நல்ல காலம் காவியங்களின் வசந்தத்தில் இல்லை, மழை மாதத்தில் இருக்கிறது. ஷாஹு பாட்டோலே 2015இல் மராத்வாடாவின் மஹார், மாங் சமையலை ஒரு புத்தகமாகவே எழுதினார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. உணவே பூரணப் பிரம்மம் என்பது அங்கே வீட்டுக்கு வீடு சொல்கிற வாக்கு. அவர் தன் புத்தகத்துக்கு உணவு அபூரணப் பிரம்மம் என்று பேர் வைத்தார். இரத்தமும் குடலும் காயவைத்த கறியும் அதில் சமையல் குறிப்புகளாகவே வருகின்றன. எண்ணெயும் நெய்யும் பாலும் வாங்க முடியாதவர்கள் ருசியை எப்படி உண்டாக்கினார்கள் என்ற வரலாறும் கூடவே வருகிறது. நம்மிடம் 1951இல் வந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ தலைமுறை தலைமுறையாகக் கல்யாணச் சீராகப் போகிறது. அதில் மீனும் இல்லை, கறியும் இல்லை. இன்றைக்கு ஓட்டல்களில் ‘கிராமத்துச் சமையல்’ என்று நண்டும் நத்தையும் குடலும் நல்ல விலைக்கு விற்கிறார்கள். செட்டிநாடு என்று பலகையில் எழுதுகிறார்கள். சேரிச் சமையல் என்று எழுதத் துணிந்தவர் உண்டா?

இதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் பேச்சு என்று சில தோழர்கள் சொல்லலாம். நில மீட்பும் கூலியும் வன்கொடுமை வழக்கும் இருக்கும்போது நண்டுக் குழம்பு எதுக்கு என்று கேட்கலாம். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் ஒருவர் வந்தார் என்பதற்காகச் சாதி இந்துப் பெற்றோர் மறியல் செய்தார்கள். அதிகாரிகள் அவரையே இடமாற்றம் செய்தார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. அரிசி அரசாங்கத்துது, பருப்பு அரசாங்கத்துது. அவர்கள் மறுத்தது அந்தக் கையை. 2017 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். கைமணம் யாருக்கு உண்டு, எந்தக் கறி ருசி, எது தீட்டு என்பதெல்லாம் இங்கே சாதி தீர்மானிக்கிற விஷயம். அப்படி இருக்கும்போது ‘எங்கம்மா வைத்த உப்புக்கண்டக் குழம்புக்கு ஈடு கிடையாது’ என்று ஒரு தலித் எழுதுவது அரசியல் வாக்கியம்தான். வலியைச் சொன்னால் அவர்கள் இரக்கப்படுவார்கள். ருசியைச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். அது அவர்களுக்குக் கஷ்டம்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லலாம். கையில் இருக்கும் தலித் பிரதிகளை எடுத்து, அடுப்பு எரிகிற பக்கங்களை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். என்ன மாதம், வேலை இருந்த காலமா இல்லாத காலமா, பொருள் எங்கே இருந்து வந்தது, யார் சமைத்தது, யார் முதலில் தின்றது, யாருக்குச் சட்டியடி என்று கேளுங்கள். எழுதுகிறவர்கள் உங்கள் வீட்டுச் சமையலை அளவோடும் பக்குவத்தோடும், கூலிக் கணக்கோடும் எழுதி அனுப்புங்கள். அத்தைமார்களும் அப்பத்தாக்களும் உயிரோடு இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கண்மாய் தூர்ந்துகொண்டு வருகிறது. குரவை மீனை உரசத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டு வருகின்றன.