நான்கு டப் ஆல்பங்கள், ஒரே மிக்சிங் மேசை

2019-க்கும் 2023-க்கும் இடையில் இசைத் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஷெர்வுட் ஒரே வகையான வேலையை நான்கு தடவை செய்திருக்கிறார். ஒரு ஆல்பம் வெளிவரும். சில மாதங்களோ ஓராண்டோ கழித்து அதையே பிரித்துக் கோத்து இன்னொரு ஆல்பமாகத் தருவார். ஜமைக்காவின் ரெகே தயாரிப்பாளர் லீ பெர்ரியின் 'ரெயின்ஃபோர்ட்' இப்படி 'ஹெவி ரெயின்' ஆயிற்று. ரெகே பாடகர் ஹாரஸ் ஆண்டியின் 'மிட்நைட் ராக்கர்' 'மிட்நைட் ஸ்கார்ச்சர்ஸ்' ஆயிற்று. ஸ்பூன் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'லூசிஃபர் ஆன் த சோஃபா' சந்திரனுக்குப் போய் 'லூசிஃபர் ஆன் த மூன்' என்று திரும்பியது. பாண்டா பேர், சோனிக் பூம் என்ற இரு இசைக் கலைஞர்கள் சேர்ந்து செய்த 'ரீசெட்', அடுத்த ஆண்டு 'ரீசெட் இன் டப்' என்று வந்தது. நான்கையும் டப் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என் கணக்கில் இரண்டுக்குத்தான் அந்தப் பெயர் முழுதாகப் பொருந்துகிறது.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். டப் பிறந்தது 1970-களின் தொடக்கத்தில், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில். ரெகே ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் பாட்டு இருக்கும். மறுபக்கத்தில் அதே பாட்டின் 'வெர்ஷன்'. வானொலியும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி அந்த மறுபக்கத்தை ஒரு கலையாக்கினார். பாடகரின் குரல் ஃபேடரை இறக்கிவிடுவார். டிரம்மும் பேஸும் மட்டும் நடக்கும். திடீரென்று குரலில் ஒரு சொல்லை மட்டும் மேலே ஏற்றி எக்கோவுக்கு அனுப்பிவிட்டு ஃபேடரை மூடுவார். அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து போய்க்கொண்டிருக்கும்போதே கிட்டாரின் ஒரு வெட்டு வந்து விழும். அவருடைய மேசையில் ஒரு பெரிய ஃபில்டர் குமிழும் இருந்தது. அதைத் திருகினால் கீழ் ஒலியெல்லாம் வடிந்து, ஹை-ஹாட்டின் சீறல் மட்டும் மெல்லிய தகடாக மிஞ்சும்; மறுபடி திருகினால் பேஸ் மொத்தமாக இறங்கும். கேட்பவருக்குப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். மேசையில் எடுக்கப்பட்டதை அவர் மனம் தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே ஒரு டப்பிடம் நான் கேட்பது இதுதான்: கைவைத்த பிறகு மூலப் பாட்டைப் பற்றி எனக்குப் புதிதாக ஏதாவது தெரியவந்ததா?

டப் என்றால் எடுப்பது என்ற இந்தப் பார்வைக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. லீ பெர்ரி எடுத்தவர் மட்டும் அல்லர், சேர்த்தவரும்கூட. 1973-இல் தன் வீட்டுப் பின்புறம் கட்டிய பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில் மாட்டுக் குரலையும் குழந்தை அழுகையையும் பாட்டுக்குள் நுழைத்தவர் அவர். சேர்ப்பதும் டப் மரபுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே சேர்ந்த ஒவ்வொன்றும் பாட்டின் எடையை வேறு இடத்துக்கு நகர்த்தியது. வெறும் அலங்காரமாகச் சேர்த்தால் அதற்குப் பெயர் ரீமிக்ஸ்.

'லூசிஃபர் ஆன் த மூன்' (2022) அந்த வகை. குறை ஷெர்வுட்டின் கையில் இல்லை, தேர்வில் இருக்கிறது. ஸ்பூன் ஏற்கெனவே சிக்கனமான குழு. ஒரு கிட்டார் எங்கே நிற்க வேண்டும், டிரம் எங்கே தனியாக ஒலிக்க வேண்டும் என்பதையெல்லாம் தாங்களே கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள். எடுப்பதற்கு அங்கே மிச்சம் அதிகம் இல்லை. அதனால் ஷெர்வுட் சேர்க்கிறார், சேர்த்துக்கொண்டே போகிறார். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. முடிந்ததும் மூலத்தையே போட்டுக் கேட்கத் தோன்றுகிறது.

'ரீசெட் இன் டப்' (2023) எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி. மூல ஆல்பம் 1950-60-களின் பாப் பாடல்களுடைய தொடக்க இசையை வெட்டியெடுத்துச் சுழலவிட்டு, அதன் மேல் அடுக்குக் குரல்களில் பாடிக் கட்டியது. அழகான யோசனை. ஆனால் அந்தத் தொடக்கங்கள் தொடக்கங்களாகவே சுற்றிக்கொண்டிருக்கும். கீழே தரை இருக்காது. ஷெர்வுட் தன் நெடுநாள் வாத்தியக்காரர்களைக் கூட்டி அந்தச் சுழற்சியின் அடியில் உயிருள்ள பேஸை ஓடவிடுகிறார். 'எட்ஜ் ஆஃப் த எட்ஜ்' பாட்டை இரண்டு வடிவிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள்: மூலத்தில் மிதந்த அதே குரல், டப்பில் நடக்கிறது. மூலத்தில் என்ன இல்லை என்பதை டப் சொல்லிக் கொடுக்கிறது. நான் கேட்கிற தகுதி இதுவே.

'மிட்நைட் ராக்கர்' (2022), ஹாரஸ் ஆண்டியின் நீண்ட இசை வாழ்வில் பின்னாளில் வந்த மிகச் சிறந்த ஆல்பம் என்பது என் உறுதியான எண்ணம். எழுபதைத் தாண்டிய அந்த நடுங்கும் உச்சக் குரலுக்கு ஷெர்வுட் மேடை போடவில்லை. சுற்றிலும் இடம் விட்டிருக்கிறார். 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' ஒன்று போதும். 1991-இல் மாசிவ் அட்டாக்கின் 'ப்ளூ லைன்ஸ்' ஆல்பத்தில் அதைப் பாடியவர் ஷாரா நெல்சன். அதே ஆல்பத்தில் வேறு பாடல்களைப் பாடிய ஆண்டி, முப்பது ஆண்டுகள் கழித்து இந்தப் பாட்டைக் கையில் எடுக்கிறார். நெல்சனிடம் அது கோபமாக இருந்தது; ஆண்டியிடம் முதியவரின் கவலை. 'மிஸ்டர் பாஸி' போன்ற அவருடைய பழைய பாடல்களும் இங்கே வேறு வயதில் வந்து நிற்கின்றன.

சிக்கல் அங்கேதான். இந்த மூலமே பாதி டப். 'மிட்நைட் ஸ்கார்ச்சர்ஸ்' வருவதற்குள் ஷெர்வுட் தன் சிறந்த கருத்துகளைச் செலவழித்துவிட்டார். அதனால் இரண்டாம் ஆல்பம் வேறு வழியில் போகிறது: டாடி ஃப்ரெடி, லோன் ரேஞ்சர் என்ற மூத்த டீஜேக்களை அழைத்து, பாட்டுகளின் மேல் பேச்சுப்பாட்டை ஏற்றி, தெருவில் ஸ்பீக்கர் அடுக்கி நடத்தும் சவுண்ட் சிஸ்டம் இரவாக்குகிறது. உற்சாகமான ஆல்பம், குறைத்துச் சொல்ல மனமில்லை. ஆனால் ஆண்டியின் குரலைப் பற்றி முதல் ஆல்பம் சொல்லாத எதையும் இது சொல்லவில்லை. இதே பாடகரின் 'இன் த லைட்' ஆல்பத்துக்கு 1977-இல் வந்த டப் ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் விளங்கும். அதில் குரல் விலகிய இடங்களில்தான் ஆண்டி அதிகம் நினைவுக்கு வருவார்.

நான்கிலும் முதல் இடம் 'ஹெவி ரெயின்' (2019) ஆல்பத்துக்கு. 'ரெயின்ஃபோர்ட்' வந்தபோது பெர்ரிக்கு 83 வயது. அதில் அவர் பேசிக்கொண்டே இருக்கிறார்; சாபம், ஆசீர்வாதம், விளையாட்டு, ஜெபம் எல்லாம் கலந்து. அந்தப் பேச்சு முன்னால் நிற்பதால் பின்னால் ஷெர்வுட் செய்திருக்கும் நுட்பமான வேலை காதில் விழுவதில்லை. 'ஹெவி ரெயின்' பெர்ரியின் குரலைப் பின்னுக்குத் தள்ளி, மற்ற ஒலிகளில் ஓர் ஒலியாக்குகிறது. 'கிரிக்கெட் ஆன் த மூன்' பாட்டு 'கிரிக்கெட்ஸ் இன் மூன்லைட்' ஆகும்போது குரலின் சில துண்டுகள் மட்டும் மிஞ்சுகின்றன. அந்தத் துண்டுகளில்தான் பெர்ரியின் தாளக் கணக்கு எவ்வளவு கச்சிதமானது என்று தெரிகிறது. உளறல் என்று சிலர் ஒதுக்கிய பேச்சு முழுக்கத் தாளத்தில் உட்கார்ந்திருக்கிறது. பழைய ரெகே டிராம்போன் கலைஞர் வின் கார்டன் வருகிறார். அவர் ஊதுவது அலங்காரமாக இல்லை, குரல் விட்டுப்போன இடத்தில் வந்து நிற்கிறது. புகழ்பெற்ற தயாரிப்பாளர் பிரையன் ஈனோ கைவைத்த 'ஹியர் கம் த வார்ம் டிரெட்ஸ்' பாட்டை விளம்பரத்துக்கான கூட்டணி என்று சந்தேகித்துக் கேட்கத் தொடங்கியவர்கள்கூட, ஹெட்போனில் அதன் ஒலிகள் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதைக் கேட்டால் மனம் மாறுவார்கள். (ஃபோன் ஸ்பீக்கரில் இதைக் கேட்டு முடிவு சொல்ல வேண்டாம், பேஸ் இல்லாமல் இந்த ஆல்பமே இல்லை.)

இதிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 'ரெயின்ஃபோர்ட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஆட்டோபயாக்ரஃபி ஆஃப் த அப்செட்டர்' (அப்செட்டர் என்பது பெர்ரியின் பட்டப்பெயர்). பெர்ரி தன் வாழ்க்கையைத் தானே சொல்லிக்கொண்டு போகிறார். வழக்கமான புதிர்ப் பேச்சை ஒதுக்கிவைத்து, பெற்றோரில் தொடங்கி நேராகச் சொல்கிறார். அந்தக் குரலில் ஒரு சொல்லைக் குறைத்தாலும் நமக்குத்தான் நஷ்டம். 2021 ஆகஸ்டில் பெர்ரி காலமான பின் அந்தப் பாட்டின் எடை இன்னும் கூடியிருக்கிறது. டப் ஆல்பத்தில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை, இருக்கவும் முடியாது. 'ஹெவி ரெயின்' மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பாட்டுக்காகவாவது மூல ஆல்பத்தையும் வாங்கத்தான் வேண்டும்.