தேவ்னாரும் மட்டக்களப்பும்: மாட்டிறைச்சி வரும் வழி

மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்னும் மும்பைத் தமிழர் பகுதிகள் மூன்றும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் அடுக்களைகள் வேறு. மாட்டுங்காவின் பழைய தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் சைவம். தாராவியிலோ, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் குடியேறிய நாள் முதல் மாட்டுக்கறி சாதாரண உணவு. ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியான புரதம் அதுதான். செம்பூரை அடுத்த தேவ்னாரில் 1971 முதல் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் இயங்குகிறது.

மேலை நாடுகளில் இப்போது மாட்டிறைச்சியைப் பண்ணையிலேயே நேரடியாக வாங்கும் பழக்கம் வளர்ந்து வருகிறது. ஒரு மாட்டில் பாதியோ காலோ பேசி முன்பணம் கொடுத்து, வெட்டியதும் எடுத்துப் போகிறார்கள். வளர்த்தவர் யார், மாடு என்ன தின்றது என்பது வாங்குபவருக்குத் தெரியும். நடுவில் ஆள் குறைவதால் வளர்த்தவருக்கும் கூடுதலாகக் கிடைக்கிறது. இந்த இரண்டு நன்மைகளும் மும்பைத் தமிழருக்கும் இலங்கைத் தமிழருக்கும் எந்த அளவு கிடைக்கின்றன?

மும்பையில் இதைத் தீர்மானிப்பது சட்டம். 1976-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர விலங்குப் பாதுகாப்புச் சட்டமே பசுவதையைத் தடை செய்தது. 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தம் காளையையும் எருதையும் அதில் சேர்த்தது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை. வேறு மாநிலத்தில் வெட்டிய இறைச்சியை வைத்திருப்பதையும் குற்றமாக்கிய பிரிவை மும்பை உயர் நீதிமன்றம் 2016 மே மாதம் நீக்கியது. வெட்டுத் தடை அப்படியே நிற்கிறது. ஆகவே இன்று தாராவிக் கடையில் தொங்குவது எருமைக்கறி. அதற்கும் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும்.

அந்த எருமை எங்கிருந்து வருகிறது? மும்பையைச் சுற்றியுள்ள தபேலா எனும் எருமைத் தொழுவங்களிலும், 1949-இல் தொடங்கிய ஆரே பால் குடியிருப்பிலும் பாலுக்காக எருமை வளர்க்கிறார்கள். பால் வற்றிய எருமையை வைத்துத் தீனி போட முடியாது. அதை இறைச்சிக்கு விற்றுத்தான் அடுத்த கறவையை வாங்குவார்கள். உழவுமாட்டுக்கும் இதே கணக்குதான். கிழட்டு எருதை விற்ற பணத்தோடு மேலே கொஞ்சம் போட்டு இளஞ்சோடி வாங்குவது மராட்டிய விவசாயியின் வழக்கம். 2015-க்குப் பிறகு அந்தப் பணம் நின்றுபோனது. தடையின் பெருஞ்சுமை மாட்டை உண்மையில் வளர்ப்பவர் தலையில் விழுந்தது.

2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. வெட்டுவதற்கான மாட்டையும் எருமையையும் சந்தையில் விற்கக் கூடாது என்றது அந்த விதி. வாங்க வேண்டுமானால் வளர்ப்பவர் வாசலுக்குத்தான் போக வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் நேரடிக் கொள்முதல்தான். ஆனால் ஒன்றோ இரண்டோ மாடு வைத்திருப்பவருக்குச் சந்தைதான் பலம். பத்து வியாபாரி கேட்டால்தான் விலை ஏறும். வாசலுக்கு வரும் ஒரே வியாபாரி சொன்னதே விலையாகிவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

இலங்கையில் கதை வேறு. மட்டக்களப்பில் மாட்டை வீட்டுக்கு ஒன்றிரண்டாகக் கட்டி வளர்ப்பதோடு, பட்டியாகவும் வளர்க்கிறார்கள். பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்படும்போது பட்டிகளை மேய்ச்சல் தரைக்கு ஓட்டிப் போய், அறுவடைக்குப் பின் திருப்பி ஓட்டி வருவார்கள். மாட்டின் உடலில் சுட்ட குறியைப் பார்த்தே சொந்தக்காரரைச் சொல்லிவிடலாம். விற்கும்போது உரிமைச் சீட்டு கைமாற வேண்டும். இறைச்சிக் கடைக்காரர் உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றவராக இருக்க வேண்டும். இதற்கான சட்டம் 1893-ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. பௌர்ணமியான போயா தினத்தில் கடை பூட்டு. மடுவம் எனும் இறைச்சிக்கூடத்துக்கு வந்த மாடு யாருடையது என்பதற்குக் காகிதம் இருக்கிறது என்பதே இந்த முறையின் வலு.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. அயலவர்கள் சேர்ந்து ஒரு கிடாயைப் பேசி வாங்கி, வெட்டிப் பங்கு போடுவார்கள். ஆட்டில் நடக்கும் இந்தப் பங்கு இறைச்சி, மேலை நாட்டார் பாதி, கால் என்று பேசி வாங்கும் முறையின் நம்மூர் வடிவம்தான். பெரிய மாட்டை ஏழு பங்காக்கும் குர்பானியும் அப்படியே. மும்பையிலும் பக்ரீத் நாட்களில் தேவ்னார் சந்தைக்கு வந்து பல்லைப் பார்த்து, எடை தூக்கி, விற்பவரிடமே பேரம் பேசி ஆட்டை வாங்குகிறார்கள். நேரடியாக வாங்கும் பழக்கம் இரு நாட்டிலும் இருக்கிறது. அதை வளர்க்கத் தேவை கூட்டாக வாங்கும் ஆட்களும் பயமற்ற விற்பனையும்.

இலங்கையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மாடு வெட்டுவதைத் தடை செய்யும் யோசனைக்கு 2020 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இறைச்சியை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்றும் அதோடு சொன்னார்கள். அப்படி நடந்தால் உண்பவருக்குக் கறி கிடைக்கும். பட்டிக்காரருக்கு வருமானம் போகும். இன்னொரு பக்கம், மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை அத்துமீறிய பயிர்ச்செய்கைக்குப் போவதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். தரை போனால் பட்டியும் போகும்; அதற்குப் பிறகு எந்தச் சீட்டும் பயன்படாது.

மும்பையையும் இலங்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்றே. வளர்ப்பவர், கிழட்டு மாட்டை அச்சமின்றி விற்க முடிந்தால்தான் இளம் மாட்டை நல்லபடி வளர்ப்பார். மகாராஷ்டிரம் எருதுக்கான தடையை நீக்கி, மாடு விற்கும் விவசாயிக்கும் ஏற்றிச் செல்லும் வண்டிக்காரருக்கும் இலங்கையைப் போல உரிமைச் சீட்டும் அதை மதிக்கும் காவல்துறையும் தர வேண்டும். இலங்கை தன் மேய்ச்சல் தரைகளைச் சட்டப்படி எல்லையிட்டு மாடுகளுக்கே ஒதுக்க வேண்டும். சாப்பிடாதவரின் நம்பிக்கைக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்கான விலையை வளர்ப்பவரும் தாராவியில் அரைக்கிலோ கறி வாங்குபவரும் மட்டும் கொடுக்கச் சொல்வது நியாயமில்லை.