பட்டர்க்ரீம் ரோஜாவின் கூலி

1929இல் சிகாகோவில் டியூவி மெக்கின்லி வில்டன் தொடங்கிய கேக் அலங்காரப் பள்ளியின் முறையில் ரோஜாவுக்கு ஓர் இலக்கணம் உண்டு. பூ ஆணியின் தலையில் கூம்பு. அதைச் சுற்றி மொட்டு. பிறகு மூன்று, ஐந்து, ஏழு என்று இதழ்கள். 104ஆம் எண் நாசிலின் அகன்ற முனை கீழே, குறுகிய முனை மேலே. ஒரு கை பையை அழுத்தும்போதே மறு கையின் விரல்கள் ஆணியை உருட்ட வேண்டும். பட்டர்க்ரீம் இளகினால் இதழ் சரியும். இறுகினால் விளிம்பு கிழியும். இரண்டு கைகளும் ஒத்துப்போக நாட்கணக்காகும். அதுவரை செய்த பூக்களையெல்லாம் வழித்து மறுபடி பைக்குள் போட வேண்டியதுதான்.

எண்ணிக்கையும் கோணமும் உள்ள இந்தத் தொழில்நுட்பத்தை ஹோட்டலில் செய்பவர் பேஸ்ட்ரி செஃப். வீட்டில் செய்யும் பெண்ணுக்குக் கிடைப்பது 'உங்க கைவண்ணமே தனி' என்ற பாராட்டு. கேட்க இனிமைதான். ஆனால் இயல்பாகவே வருவதற்கு யார் கூலி கொடுப்பார்கள்?

கேக் விற்கும் பெண்கள் பலர் மாவு, வெண்ணெய், முட்டை, அட்டைப்பெட்டி வரை கணக்கெழுதுகிறார்கள். மணிக்கட்டு வலிக்க உட்கார்ந்த மூன்று மணி நேரம் அந்தத் தாளில் இருப்பதில்லை. பெண்ணிய வாசிப்பிலும் இதை அடுப்படி அலங்காரம் என்று ஒதுக்கும் பழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒதுக்குவதாலும் அந்தக் கூலி மறைகிறது.

விலைத்தாளில் 'கைவேலை, மணிக்கு இவ்வளவு' என்று தனி வரி எழுதிப் பார்க்கலாம். முதல் எதிர்ப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே வரும்: "சொந்தக்காரங்ககிட்டயுமா காசு?"