ஸ்க்ரூவைத் தொடாத கை

ஹெட்டை இறக்கி வேலை பார்த்து வந்த வண்டி, நன்றாகச் சூடான பிறகும் 1,500 ஆர்பிஎம்மில் நின்று இரைகிறது. பட்டறையில் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஒரு பையன் ஸ்க்ரூ டிரைவரோடு வருவான், திராட்டில் ஸ்டாப்பரை இரண்டு சுற்று பின்னால் எடுப்பான், இரைச்சல் கொஞ்சம் அடங்கும், பானட் மூடப்படும். ஒரு மெக்கானிக்கின் தரம் அந்த இடத்தில்தான் தெரிகிறது என்பது என் கட்சி. இன்ஜினைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கட்டி முடித்த இன்ஜின் ஏன் இப்படிக் கூடுதலாக ஓடுகிறது என்று நின்று தேடுகிறவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேரில் நான் முதலிடம் கொடுப்பது ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருந்த பாய்க்கு.

பாய் அந்த ஐடிலிங் ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொடுவார். பல நாள் தொடவே மாட்டார். "தம்பி, கம்பெனிக்காரன் வெச்ச அளவு அது. வேலைக்கு முன்னாடி சரியா இருந்துச்சுல்ல? ஸ்க்ரூ தானா திரும்பிக்கிச்சா? காத்து எங்கியோ திருட்டுத்தனமா உள்ள போவுது. அதப் புடிக்காம ஸ்க்ரூவத் திருகி என்னா பிரயோஜனம்?" என்பார். ஐடிலிங் பற்றி நான் படித்த எதுவும் இந்த ஐந்து வாக்கியத்தைத் தாண்டிப் போனதில்லை. பெட்ரோல் இன்ஜின் காற்றால் ஆளப்படுவது. பட்டர்ஃப்ளை மூடியிருக்கும்போது அதற்கு எவ்வளவு காற்று கிடைக்க வேண்டுமோ அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால்தான் வேகம் ஏறும். டைமிங் ஒன்றுதான் இதற்கு விலக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கொஞ்சம் உயர்ந்த ஐடிலிங்தான் நல்லது என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஏசி போட்டால் வண்டி இடிக்காது, சிக்னலில் நின்று போகாது, பானட்மேல் தண்ணீர் டம்ளர் வைத்தால் அலையாது என்பது அவர்கள் வாதம். டம்ளர் சோதனையில் எனக்கு உடன்பாடில்லை. 1,200-இல் ஓடும் நாலு சிலிண்டர் இன்ஜின் 800-இல் ஓடுவதைவிட வழவழப்பாகவே இருக்கும். டம்ளர் அதற்குத்தான் அதிக மார்க் போடும். ரிவர்ஸ் போடும்போது கியர் கரகரப்பதையும், காலை எடுத்த பிறகும் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே போவதையும் டம்ளர் காட்டாது. வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் செகண்ட் கியரில் இறங்கிப் பார்த்தால் தெரியும். இன்ஜின் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் நழுவ, பாரமெல்லாம் பிரேக்கில் விழுந்து, அடிவாரம் வருவதற்குள் லைனர் வாடை மூக்கில் ஏறும். பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இன்ஜின் நாலு உதறு உதறிவிட்டுத்தான் நிற்கும்.

நல்ல ஐடிலிங் என்பது இன்ஜின் தன் அடிகளை எண்ணும்படி விடுவது. 800-இல் நிற்கும் அம்பாசடரில் நொடிக்கு ஏறத்தாழ 27 வெடிப்பு. மூன்று சிலிண்டர் மாருதி 800 சுமார் 900-இல் நின்றால் 22, 23. அதே மாருதி 1,500-க்கு ஏறினால் 37-ஐத் தாண்டிவிடும். அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரைச்சலாகிவிடும். அம்பாசடரிலும் பத்மினியிலும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது. அந்தக் காலத்துக் காதுகள் இந்த வித்தியாசத்திலேயே பழகியவை. பாய் சைக்கிளில் சந்துக்குள் நுழையும்போதே, வாசலில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி எவ்வளவில் நிற்கிறது என்று சொல்வார். மீட்டர் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது.

அவருடைய வரிசையை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். முதலில் ஆக்சிலேட்டர் கேபிளை இரு விரலால் அழுத்திப் பார்ப்பார், கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று. ஹெட் வேலையில் கேபிளைக் கழற்றி மாட்டும்போது இறுக்கமாக வைத்துவிடுவது சாதாரணமாக நடப்பது. அடுத்து, பட்டர்ஃப்ளை ஸ்டாப்பரில் போய் உட்காருகிறதா, சோக்கோடு சேர்ந்த ஃபாஸ்ட் ஐடில் கேம் பின்வாங்கிவிட்டதா என்று கண்ணால் பார்ப்பார். இது இரண்டும் சரியாக இருந்தால்தான் காற்று லீக்கைத் தேடத் தொடங்குவார். இன்றைக்கு இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை கூடிய பாகத்திலிருந்து தொடங்கி, கேபிளுக்குக் கடைசியில் வருகிறார்கள்.

பாயின் பழைய காதல் அம்பாசடரின் 1,489 சிசி பிஎம்சி இன்ஜின். அதில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒரே பேக்கிங்கில் ஹெட்டோடு சேர்கின்றன. வருடக்கணக்கான சூட்டில் எக்ஸாஸ்ட் கோணிக்கொண்டால், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் இன்லெட் முகம் ஹெட்டில் முழுசாகப் படியாது. மயிரிழை இடைவெளி போதும், காற்று உள்ளே போகும். ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து வாங்கி வருவார்கள். மேனிஃபோல்டின் முகத்தை யாரும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்ப்பதில்லை. பாய் பார்ப்பார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அடியில் ஒளி கசிந்தால் அதை முகம் பிடிக்காமல் மாட்ட மாட்டார். பழைய பேக்கிங்கில் சீலன்ட் தடவி மாட்டுவதை அவர் பட்டறையில் நான் பார்த்ததே இல்லை.

லீக்கைப் பிடிக்க இணைப்புகளில் கார்ப் கிளீனர் அடித்து, எங்கே அடித்தால் ஓட்டம் மாறுகிறது என்று பார்ப்பது இப்போதைய வழி. பலன் தரும் வழிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த பிஎம்சி இன்ஜினில் இன்லெட்டை ஒட்டியே எக்ஸாஸ்ட் தகித்துக்கொண்டிருக்கும். அங்கே எரியும் பொருளைப் பீய்ச்சுவது எனக்குச் சம்மதமில்லை. பாய் ஒரு முழ ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்துவார். லீக் உள்ள இடத்தில் அது உஸ் என்று சொல்லும். செலவும் இல்லை, தீயும் இல்லை.

சோலெக்ஸ் கார்ப்பரேட்டர் மெட்ராஸில் தயாரான பொருள். மாருதிக்கான மிகுனியும் மறைமலை நகரிலிருந்து போனதுதான். அதனாலோ என்னவோ, இந்த ஊர்ப் பழைய மெக்கானிக்குகளுக்கு மிக்ஸர் ஸ்க்ரூவோடு ஒரு நெருக்கம் உண்டு. அந்தப் பித்தளைக் குமிழை உள்ளே திருகத் திருக இன்ஜின் தடுமாற வேண்டும், வெளியே எடுக்க எடுக்கத் தெளிய வேண்டும். எந்தப் பக்கம் திருகினாலும் இன்ஜின் கண்டுகொள்ளவில்லை என்றால் அதுவே பெரிய தடயம். பட்டர்ஃப்ளை அளவுக்கு மீறித் திறந்து, பெட்ரோல் மேலே உள்ள இடைத் துளைகள் வழியாக வந்துகொண்டிருக்கிறது. இல்லாவிட்டால் கார்ப்பரேட்டருக்குக் கீழே காற்று நுழைகிறது. ஸ்டாப்பரை மட்டும் திருகிவிட்டுப் போகிறவனுக்கு இந்தப் பேச்சு கேட்காது.

டைமிங்குக்கு வருகிறேன். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டும்போது கொஞ்சம் அட்வான்ஸாக உட்கார்ந்தாலும் ஐடிலிங் ஏறும். அதைவிட நுட்பமான தவறு வேக்கம் ஹோஸில் நடப்பது. கார்ப்பரேட்டரில் பட்டர்ஃப்ளைக்கு மேலே ஒரு நிப்பிள், மேனிஃபோல்டில் இன்னொரு நிப்பிள்; இரண்டும் ஒரே பருமன். டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸ் மேலே உள்ளதில் போக வேண்டிய வண்டியில் அதை மேனிஃபோல்டில் செருகிவிட்டால், ஐடிலிங்கிலேயே முழு உறிஞ்சலும் கிடைத்து டைமிங் முன்னால் ஓடிவிடும். எந்தப் பாகமும் கெட்டிருக்காது, எங்கும் லீக் இருக்காது, வண்டி மட்டும் இரையும். பாய் ஹோஸைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் வண்ண நூல் கட்டுவார், நிப்பிளிலும் அதே நிறம். அந்த நூலுக்காகவே நான் அவரிடம் வண்டி விடுவேன்.

கார்ப்பரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்ததும் இந்தக் கலை முடிந்தது என்றார்கள். அது முடியவில்லை என்பதை ஒரு மாருதி 800 எம்பிஎஃப்ஐயில் நேரிலேயே பார்த்தேன். ஹெட் கேஸ்கெட் மாற்றிய வண்டி. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஐடில் வால்வ் புதிது, திராட்டில் சென்சார் புதிது. பில் மட்டும் ஒரு பக்கம். வண்டி அதே 1,500. பாய் ஏர் ஃபில்டர் டக்டைக் கழற்றி, ஓடும் இன்ஜினின் திராட்டில் வாயை உள்ளங்கையால் பொத்தினார். பட்டர்ஃப்ளை வழியாகப் போகும் காற்றும் ஐடில் வால்வ் வழியாகப் போகும் காற்றும் அந்த வாய்க்குள்தான் நுழைய வேண்டும். பொத்தியதும் இன்ஜின் செத்துவிட வேண்டும். சாகவில்லை. சோர்ந்து, தடுமாறி, மறுபடி எழுந்து ஓடியது. வாங்கிப் போட்ட இரண்டு பாகத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அந்த ஒரு கை வைப்பில் தெரிந்துவிட்டது.

பிறகு நோஸ் பிளையரின் மூக்கில் துணியைச் சுற்றிக்கொண்டு மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கினார். பிரேக் பூஸ்டர் ஹோஸ், மாற்றமில்லை. அடுத்தது, மாற்றமில்லை. டேப்பட் கவரிலிருந்து வரும் பிசிவி ஹோஸை நசுக்கியதும் இரைச்சல் சட்டென்று இறங்கியது. விட்டார், ஏறியது. மறுபடி நசுக்கினார், இறங்கியது. ஹோஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மேலிருந்து பார்த்தால் முழுசாக இருந்தது. திருப்பினால், பிசிவி வால்வில் செருகும் முனையின் அடிப்புறம் நீளவாக்கில் பிளந்திருந்தது. சூட்டில் இறுகிக் கல்லாகிப் போன ரப்பர். டேப்பட் கவரைக் கழற்றும்போது யாரோ இழுத்ததில் கிழிந்திருக்கிறது. சாண் நீள ஹோஸ் ஒன்று, இரண்டு கிளிப். வண்டி வந்து நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது.

ஸ்கேனர் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் வண்டி அது. திருட்டுக் காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால், இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு அதற்கும் உரிய பெட்ரோலைக் கொடுத்துவிடுகிறது. ஐடில் வால்வை முழுக்க மூடிப் பார்க்கும். அதற்கு மேல் அதனால் ஆவது ஒன்றுமில்லை. சென்சார்கள் எல்லாம் உண்மையையே சொல்லும், எர்ரர் கோடு எதுவும் விழாது, வண்டி மட்டும் இரையும். ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டிகளில் கதை வேறு. அங்கே மீட்டரைத் தாண்டி வந்த காற்று கணக்கில் வராமல் கலவை மெலிந்து இன்ஜின் தடுமாறும். எந்த வண்டி எந்த வகை என்று தெரியாதவன் கையில் ஸ்கேனர் இருந்தும் பயன் இல்லை.

ஸ்கேனரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஹெட் வேலைக்குப் பிறகு கூலன்ட் ஊற்றும்போது ஏர் லாக் ஆகி, டெம்பரேச்சர் சென்சார் காற்றுக் குமிழுக்குள் மாட்டிக்கொள்வதுண்டு. இன்ஜின் கொதிக்க, சென்சார் குளிர்கிறது என்று சொல்ல, இசியு காலைக் குளிருக்கான வேகத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை ஸ்கேனர் ஒரு பார்வையில் காட்டிவிடும். இன்றைய கேபிள் இல்லாத திராட்டில் வண்டிகளில் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால், அழுக்கோடு பழகிய பழைய கணக்கில் இசியு கூடுதலாகத் திறக்கும். அதை மறுபடி கற்றுக்கொடுக்கவும் ஸ்கேனர் வேண்டும். பாயே கடைசி வருடங்களில் சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். ஆனால் உள்ளங்கையும் பிளையரும் முடித்த பிறகுதான் அதை எடுப்பார்.

இப்போது அந்தச் சந்தில் அவர் பட்டறை இல்லை. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். தரம் போய்விட்டது என்று இளைய மெக்கானிக்குகளைத் திட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐடில் வால்வுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் பில்லைப் பார்த்துக் கொடுத்துவிடுகிறோம். ஒரு மணி நேரம் நின்று கேட்டுக் கண்டுபிடித்த ஹோஸுக்கு மெக்கானிக் கூலி சொன்னால், "இத்துனூண்டு ரப்பருக்கா?" என்கிறோம். தேடுவதற்குக் கூலி இல்லாத ஊரில் யாரும் தேட மாட்டார்கள். பாகத்தை மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். உங்கள் வண்டியின் ஹெட் அடுத்த முறை இறங்கும்போது, மேனிஃபோல்ட் பேக்கிங்கும் வேக்கம் ஹோஸ்களும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். ஸ்டாப்பரில் கம்பெனிப் பெயின்ட் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அதைத் தொடாமல் காரணத்தைக் கண்டுபிடித்துக் காட்டுகிற ஆள் கிடைத்தால், பேரம் பேசாமல் அவர் கேட்டதைக் கொடுங்கள்.