‘வீடற்றவன்’ எழுப்பும் வினா: வறுமையும் தெரிவும்

வறுமைக்கு வறியவனே பொறுப்பு என்னும் கருத்து புதியதன்று. அதனை ஊழின் விளைவாகக் காண்பது ஒரு மரபு. மடியின் விளைவாகக் காண்பது மற்றொரு மரபு. முன்னது வறியவனை அவன் முற்பிறப்போடு பிணைக்கின்றது. பின்னது அவன் குணத்தோடு பிணைக்கின்றது. அவனுக்கும் நிலத்துக்கும், அவனுக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவை இரண்டுமே ஆராய்வதில்லை. கண்டி வீதியோரத்தில் உறங்குபவனைப் பார்த்து, ‘தோட்டத்தில் இருந்த வேலையை விட்டு வந்தவன்’ என்று கூறிக் கடப்போரிடம் இன்றும் பேசுவது இவ்விரண்டாம் மரபே. மலையகப் புனைகதை இதற்கு அளித்துள்ள மறுமொழியை நோக்குவது ஈண்டு பயனுடைத்து.

வரலாற்றுப் பின்னணியை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். கண்டிப் பிரதேசத்தில் உறுதியற்ற காணிகள் 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. கோப்பித் தோட்டங்கள் அவ்வாறு கிடைத்த நிலங்களிற் பரவின. 1867 இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரவில் தேயிலை வணிகப் பயிராயிற்று. சிங்களக் கிராமத்தவனின் நிலமின்மையும் தமிழ்த் தொழிலாளியின் வீடின்மையும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு முகங்கள் எனலாம்.

தோட்டத்தில் வீடு என்பது உடைமையன்று. வேலையின் ஒரு பகுதி. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக்காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனும் பெயர் பதிவினின்று நீக்கப்பட்டால் அதனை விட்டு வெளியேற வேண்டியவனானான். 1921 இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய ‘துண்டு’ முறையிலோ, கடனோடு சேர்ந்தே ஆளும் தோட்டம் மாறினான். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என வகுத்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணிக்கை முதலிலே தீர்மானிக்கப்பட்டது. விண்ணப்பம் பின்னரே கோரப்பட்டது. ‘விருப்பம்’ என்ற சொல் இத்துணை வெறுமையாகப் பயன்பட்ட சந்தர்ப்பம் பிறிதொன்று அரிது.

1973–74 காலப்பகுதியின் உணவு நெருக்கடி இதனை மேலும் தெளிவாக்கும். பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டபோது, மரவள்ளி நடுவதற்கும் சொந்த நிலமில்லாத தோட்ட மக்களே முதலிற் பட்டினியுற்றனர்; தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது; நகர வீதிகளிற் கையேந்தினோர் பலர். அவர்கள் அனைவரும் ஒரே ஆண்டில் சோம்பேறிகளாயினர் என்று வாதிப்பார் எவருமிலர். பஞ்சத்தை உணவின் இன்மையாகவன்றி, உணவைப் பெறும் உரித்தின் இழப்பாக விளக்கி அமர்த்தியா சென் 1981 இல் எழுதிய நூல் நமது தோட்டங்களுக்கும் பொருந்துவதாகும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தோட்டத்துக்கு வருபவளைக் காட்டுகின்றது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) ஆசைகாட்டப்பட்டு வந்தோரின் தலைமுறைக் கதையைச் சொல்கின்றது. இரண்டிலும் புறப்பாடு ஒரு தெரிவுபோலத் தோன்றுகின்றது. ஆயின், ஊரிற் பட்டினியும் அக்கரையிற் பொய்யுமாக இரண்டே வழிகள் இருக்கும்போது, ஒன்றைத் தெரிந்தவனிடம் முழுப்பொறுப்பையும் சுமத்தல் நீதியாகாது.

சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ (1981) இவ்வாதத்தை ஒரு படி முன்னெடுத்துச் செல்கின்றது. தொழிற்சங்கம் அமைக்க முனைந்தமைக்காகத் தோட்டத்தை இழக்கும் தொழிலாளியின் கதை அது. ஈண்டு தெரிவு ஐயத்துக்கு இடமின்றி உள்ளது. அவன் அடங்கியிருந்திருப்பின் காம்பரா தப்பியிருக்கும். எனவே வீடின்மை அவன் தேடிக்கொண்டது என்பாரும் உளர். ஆனால் சங்கம் சேர்வதற்கு வீட்டையே விலையாக நிர்ணயித்தவன் அவனல்லன். செயல் மனிதனுடையது, அச்செயலுக்குரிய விலையோ அமைப்பினுடையது. இவ்வேறுபாட்டை நிறுவியமையே நாவலின் சாதனை என்பது என் துணிபு.

முற்போக்கு விமர்சனமும் இங்கு தன்னைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். ‘சூழ்நிலையே யாவும்’ என்று கூறி அமைவோர் தொழிலாளியை இரங்கத்தக்க பொம்மையாக்கிவிடுகின்றனர். அதுவும் புதிய ஊழ்வாதமே. 1940 சனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த கோவிந்தன் சூழ்நிலையின் பொம்மையல்லன். வறுமை ஏன் உண்டாயிற்று என்பதற்கு விடை நிலைமையில் உள்ளது. வறியவர் அதனுள் என்ன செய்தனர் என்பதற்கு விடை அவர்தம் தெரிவில் உள்ளது. இவ்விரு வினாக்களையும் குழப்புவோர், முதலாவதற்கு இரண்டாவதன் விடையைக் கூறி ஏழையைக் குற்றவாளியாக்குவர்.

2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நாடற்ற நிலை சட்டத்தளவில் நீங்கிற்று. 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகளும் எழுந்துள்ளன. எனினும் லயங்களில் வாழ்வோர் இன்றும் பலர். காணியுறுதி கையிலிருக்கும் ஒருவன் தன் வேலையைத் தானே விட்டு விலகும் நாளில், அவன் தெரிவைப்பற்றி நாம் நியாயமாகப் பேசலாம். அதுவரை ‘வீடற்றவன்’ நம்மை நோக்கி எழுப்பும் வினா வேறு: அவன் ஏன் வெளியேறினான் என்பதன்று, கதவு ஏன் பிறன் கையில் இருந்தது என்பதே.